கலைக் கல்லூரி என்றால் எந்தக் கல்லூரி? அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் கல்விக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விக் குழுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் நீங்கள் நடத்தும் கல்லூரி வழிகாட்டல் நிகழ்ச்சிகளில் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கணினி அறிவியலுக்கும் தனித்தனி அமர்வுகள் இருக்கின்றன. வேலை நேரம் போகக் கிடைக்கும் வார இறுதியை இதற்கென்று ஒதுக்கி உழைக்கும் உங்கள் தன்னார்வலர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஓவியம், சிற்பம், வரைகலை, அனிமேஷன் படிக்க விரும்பும் பிள்ளைக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் கேள்வி நேரத்தின் கடைசிச் சில நிமிடங்களும், "அதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாமே அம்மா" என்ற கனிவான ஒரு வாக்கியமும்தான்.

நான் கிழக்குக் கரை நகரம் ஒன்றில் தனித்து இயங்கும் கலைக் கல்லூரியில் படித்தவள். இப்போது குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவதோடு, அத்தகைய கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குப் பகுதிநேரமாக வரைதல் வகுப்பும் எடுக்கிறேன். எங்கள் வகுப்புகளில் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வந்து சேர்ந்த கதையும் ஏறக்குறைய ஒரே மாதிரியானது: வீட்டில் மாதக்கணக்கில் வாக்குவாதம் நடக்கிறது, பிள்ளை விட்டுக்கொடுப்பதில்லை, கடைசியில் பெற்றோர் இறங்கி வருகிறார்கள், இறங்கி வந்த களைப்பில், எந்தக் கல்லூரி, அதன் நிதிநிலை என்ன, அது இன்னும் நான்கு ஆண்டுகள் நிற்குமா என்று ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். வீடு வாங்கும்போது கூரையையும் அடித்தளத்தையும் ஆள் வைத்துச் சோதிக்கிற அதே பெற்றோர்தான் இவர்கள். கலை படிக்கலாமா கூடாதா என்ற சண்டையிலேயே எல்லாத் திறனும் செலவாகிவிடுவதால், எங்கே படிப்பது என்ற கேள்விக்கு எவரிடமும் தெம்பு மிஞ்சுவதில்லை. நீங்கள் அந்த முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதற்கு வரவேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

தனித்து இயங்கும் கலைக் கல்லூரி என்று நான் சொல்வது, பெரிய பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாக இல்லாமல், தனக்கென அறங்காவலர் குழுவும் தனிக் கணக்கும் தனிக் கட்டடங்களும் கொண்ட கல்லூரியை. ராட் ஐலண்டில் 1877-ல் தொடங்கிய ரிஸ்டி (ராட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன்), புரூக்ளினில் 1887-ல் தொடங்கிய பிராட் இன்ஸ்டிடியூட், பால்டிமோரில் 1826 முதல் இருந்துவரும் மைக்கா (மேரிலாண்ட் இன்ஸ்டிடியூட் காலேஜ் ஆஃப் ஆர்ட்) ஆகியவை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்கக்கூடிய பெயர்கள். இவற்றின் தொடக்கக் கதைகள் சுவையானவை. 1876-ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராட் ஐலண்டுப் பெண்கள் திரட்டிய நிதியில் 1,675 டாலர் மிஞ்சியது. அந்த மிச்சப் பணத்தை என்ன செய்வது என்று கூடிப் பேசி அவர்கள் தொடங்கியதுதான் ரிஸ்டி.

இங்கே நடக்கும் படிப்பு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "படம் வரைய எதற்குக் கல்லூரி" என்ற கேள்வி உங்கள் அமர்வுகளில் சிரிப்போடு எழுவதுண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் முதலாண்டு அடித்தள ஆண்டு எனப்படும். ஓவியனாக விரும்புகிறவளும் நாற்காலி வடிவமைக்க விரும்புகிறவனும் ஒரே அறையில் வரைதல், வண்ணம், முப்பரிமாணம் ஆகியவற்றைப் பயில்கிறார்கள். ஒரு ஸ்டூடியோ வகுப்பு ஐந்து, ஆறு மணி நேரம் கூட ஓடும். அதன் முடிவில் வருவது 'கிரிட்' என்று நாங்கள் சுருக்கமாக அழைக்கும் விமர்சன அமர்வு. வரைந்ததைச் சுவரில் குத்திவிட்டு மாணவி ஓரமாக நின்றுகொள்வாள். பல ஆசிரியர்களின் வகுப்பில், மற்றவர்கள் பேசி முடிக்கும் வரை அவள் வாயைத் திறக்கக்கூடாது. "கை நன்றாக வந்திருக்கிறது, ஆனால் அந்தக் கை எதன் மேலும் ஊன்றியிருக்கவில்லை" என்று பதினெட்டு வயதுச் சகமாணவன் ஒருவன் சொல்லும்போது, அவள் தன் படத்தை முதல்முறையாக இன்னொருவர் கண்ணால் பார்க்கிறாள். கண்கள் கலங்கும் நாள்களும் உண்டு. நான்கு ஆண்டுகள் வாரந்தோறும் இப்படி நின்றவர்களுக்கு, பின்னாளில் அலுவலகத்தில் வாடிக்கையாளர் ஒருவர் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்வது பெரிய அதிர்ச்சியாக இருப்பதில்லை.

இதைப் பல்கலைக்கழகத்தின் கலைத் துறையிலும் பெறலாம். தனிக் கல்லூரியின் வலிமை என்னவென்றால், முழு வளாகமும் இந்த ஒரே வேலைக்காகக் கட்டப்பட்டிருப்பது. மரப்பட்டறையில் பாதுகாப்புத் தேர்வு எழுதித் தேறிய பிறகே வாள் இயந்திரத்தைத் தொடவிடுவார்கள். அச்சுக்கூடம், உலோகப் பட்டறை, மண்பாண்டச் சூளை எல்லாம் நடந்துபோகும் தொலைவில் இருக்கும். ரிஸ்டியில் 1937 முதல் இயங்கும் இயற்கை ஆய்வகத்தில் எலும்புக்கூடுகள், கிளிஞ்சல்கள், பாடம் செய்த பறவைகள் எனப் பல்லாயிரம் பொருள்கள் இருக்கின்றன. மாணவர்கள் அவற்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வரையலாம். சிகாகோவின் கலைக் கல்லூரியோ நாட்டின் மிகப் பெரிய அருங்காட்சியகங்களுள் ஒன்றோடு பிணைந்தது. கல்லூரி நகரத்தின் நடுவில் இருப்பதால், கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் அதே நகரத்தில் தொழில் செய்யும் கலைஞர்கள். மாணவர்களின் முதல் வேலை வாய்ப்புகள் அவர்கள் வழியாகத்தான் வருகின்றன.

சேர்க்கைக்குத் தேவையான போர்ட்ஃபோலியோ, அதாவது மாணவர் தன் படைப்புகளிலிருந்து தேர்ந்து அளிக்கும் தொகுப்பு, பற்றியும் நம்மவர்களிடையே தவறான எண்ணம் நிலவுகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பல ஆண்டுகள் சனிக்கிழமை ஓவிய வகுப்புக்குப் போய், ஒளிப்படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைந்த முகங்களையும், மாதிரியைப் பார்த்து வரைந்த தஞ்சாவூர்ப் பாணிப் படங்களையும் அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். உழைப்பு தெரிகிறது, ஆனால் தேர்வாளர்கள் தேடுவது வேறு. எதிரே இருக்கும் பொருளை நேரில் பார்த்து வரைந்திருக்கிறாளா, தனக்கென ஒரு கேள்வி அவளிடம் இருக்கிறதா என்பதையே அவர்கள் பார்க்கிறார்கள். வீட்டில் கொலு வைத்த நாளன்று வாசலில் குவிந்து கிடந்த விருந்தாளிகளின் செருப்புகளைக் கரிக்கோலால் ஒரு மாணவி வரைந்திருந்தாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த அந்தக் குவியலில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அவளுடைய தொகுப்பில் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த படம் அதுதான். அவளுடைய அம்மாவோ அதைச் சேர்க்கவே வேண்டாம் என்று சொன்னாராம். ஒவ்வோர் ஆண்டும் பல நகரங்களில் தேசிய போர்ட்ஃபோலியோ நாள் நடக்கிறது. கல்லூரிகளின் தேர்வாளர்கள் வரிசையாக அமர்ந்து, வருகிற பிள்ளைகளின் படைப்புகளை நேரில் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். உங்கள் அறிவிப்புப் பலகையில் கணித ஒலிம்பியாட் தேதிக்குப் பக்கத்தில் இந்த நாளையும் குறித்து வைப்பதற்கு ஒரு செலவும் ஆகாது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம்மில் பெரும்பாலோர் ஊரில் அரசுக் கல்லூரிகளையும் அரசு உதவி பெறும் கல்லூரிகளையும் பார்த்து வளர்ந்தவர்கள். சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் தன் சொந்த முயற்சியில் தொடங்கிய கலைப் பள்ளியைச் சில ஆண்டுகளிலேயே அரசு ஏற்றுக்கொண்டது. அதுதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அரசுக் கல்லூரியில் கூரை ஒழுகலாம், ஆசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கலாம். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அறிவித்து அடுத்த வெள்ளிக்கிழமை பூட்டிவிட மாட்டார்கள். எனவே கல்லூரி என்பது எப்போதும் இருக்கும் என்ற எண்ணம் நமக்குள் கேள்வியின்றி ஊறிப்போயிருக்கிறது.

ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அறிவித்து அடுத்த வெள்ளிக்கிழமை பூட்டுவதுதான் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. அங்கிருந்த கலைப் பல்கலைக்கழகம் ஜூன் 7 அன்று மூடப்படும் என்று 2024 மே 31 அன்று தெரியவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒரு வாரம். அவர்களில் பலர் செய்தித்தாள் வழியாகத்தான் இதை அறிந்தார்கள். அந்த நிறுவனத்தின் வேர்கள் 1870-கள் வரை போகின்றன. அதே நகரத்தில், 1805-ல் நிறுவப்பட்ட, நாட்டின் முதல் கலைப் பள்ளியான பென்சில்வேனியா நுண்கலை அகாதமி, தன் சொந்தப் பட்டப் படிப்புகளை 2024–25 கல்வியாண்டோடு நிறுத்திக்கொள்வதாக அதே ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்திருந்தது. மேற்குக் கரையில், 1871 முதல் இயங்கிவந்த சான் ஃபிரான்சிஸ்கோ கலைக் கழகம் 2022 ஜூலையில் பட்டம் வழங்குவதை நிறுத்தி, 2023-ல் திவாலானது. மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1931-ல் வரைந்த பெருஞ்சுவரோவியம் அதன் கட்டடத்தில்தான் இருக்கிறது. கடன் நெருக்கிய நாளில் அந்தச் சுவரோவியத்தையே விற்றுவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது.

காரணங்களில் மறைவானவை எவையும் இல்லை. இக்கல்லூரிகள் பெரும்பாலும் மாணவர் கட்டும் கட்டணத்தை நம்பியே வாழ்கின்றன; பெரிய பல்கலைக்கழகங்களைப் போல ஆண்டுதோறும் வருமானம் அள்ளித் தரும் மூலநிதி இவற்றில் சிலவற்றுக்கே உண்டு. பட்டறையில் ஓர் ஆசிரியரிடம் பதினைந்து மாணவர்களுக்கு மேல் விட முடியாது, விட்டால் விரல் போகும். எனவே செலவு குறைவதில்லை. அமெரிக்காவில் பிறப்பு எண்ணிக்கை 2007-ல் உச்சத்தைத் தொட்டு அதன்பின் இறங்கத் தொடங்கியது. அந்த ஆண்டில் பிறந்தவர்கள் 2025-ல் பதினெட்டை எட்டினார்கள்; அதன்பின் கல்லூரி வயதை எட்டுவோரின் எண்ணிக்கையும் இறங்குமுகம்தான். இதோடு அறங்காவலர்களின் கட்டட ஆசையும் சேர்ந்துகொள்ளும்போது நிலைமை முற்றுகிறது. நியூயார்க்கின் கூப்பர் யூனியன் இதற்குப் பாடநூல் உதாரணம். பள்ளிப் படிப்பு வாய்க்காத தொழிலதிபர் பீட்டர் கூப்பர் 1859-ல் நிறுவிய இக்கல்லூரி, கிரைஸ்லர் கோபுரம் நிற்கும் நிலத்தின் உரிமையாளர். பல தலைமுறைகளாக இளநிலை மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்காதது. 2006-ல் அதன் அறங்காவலர்கள் 17.5 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். 2009-ல் பளபளக்கும் புதிய கட்டடம் எழுந்தது. 2014-ல் சேர்ந்த மாணவர்கள் முதன்முறையாகப் பாதிக் கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று. மாணவர்கள் 2013-ல் தலைவரின் அலுவலகத்தை இரண்டு மாதங்களுக்கும் மேல் கைப்பற்றி அமர்ந்தார்கள்; முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் வழக்குத் தொடுத்தார்கள்; மாநிலத் தலைமை வழக்கறிஞரின் தலையீட்டில் 2015-ல் உடன்பாடு ஏற்பட்டது; பழையபடி இலவசக் கல்விக்குத் திரும்பப் பத்தாண்டுத் திட்டம் ஒன்று 2018-ல் வகுக்கப்பட்டது. கணக்கைக் கேட்கிறவர்கள் இருந்ததால்தான் அங்கே வண்டி திரும்பியது என்பது என் கருத்து.

மூடுவதிலும் முறை உண்டு என்பதற்கு மெம்ஃபிஸ் கலைக் கல்லூரியைச் சொல்ல வேண்டும். 1936-ல் தொடங்கிய அக்கல்லூரி, இனித் தாக்குப்பிடிக்க முடியாது என்று 2017-ல் வெளிப்படையாக அறிவித்து, புதிய மாணவர் சேர்க்கையை நிறுத்தி, இருந்தவர்கள் பட்டம் பெற வழிசெய்து, 2020 மே மாதம் கதவை மூடியது. ஃபிலடெல்ஃபியா மாணவர்களுக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை.

நம் சமூகத்துக்கு இதில் கூடுதல் ஆபத்துகள் இருக்கின்றன. வேறு எவரும் இவற்றை நம் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லப்போவதில்லை. கல்லூரி மூடப்பட்டால், அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அதற்கு முந்தைய 180 நாள்களுக்குள் விலகியவர்களுக்கும் மத்திய அரசுக் கல்விக்கடன் தள்ளுபடியாக வாய்ப்பு உண்டு, சில நிபந்தனைகளோடு. ஆனால் எச்-4 (பணி விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கானது), எஃப்-1 (மாணவர்களுக்கானது) விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசுக் கடனே கிடையாது. அவர்கள் கட்டுவது பெற்றோரின் சேமிப்பும் தனியார் வங்கிக் கடனும்தான், அவற்றுக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் குடும்பங்களில் பிள்ளைக்கு இருபத்தொரு வயது ஆனதும் எச்-4 தகுதி போய்விடுவதால், பலர் படிப்பின் நடுவிலேயே எஃப்-1-க்கு மாறுகிறார்கள். அப்படி மாறியவர் படிக்கும் கல்லூரி மூடினால், அவர் குறுகிய காலத்துக்குள் வேறு கல்லூரிக்கு மாற்றிக்கொண்டாக வேண்டும். இல்லையெனில் நாட்டில் தங்கும் தகுதியையே இழக்கிறார். பட்டத்துக்குப் பின் வேலை செய்ய எஃப்-1 மாணவருக்குக் கிடைக்கும் ஓ.பி.டி. என்ற அனுமதி பன்னிரண்டு மாதங்கள், மேலும் இருபத்து நான்கு மாத நீட்டிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே. ஓவியமும் சிற்பமும் அதில் இல்லை. ஆனால் அனிமேஷனையும் ஊடாடும் தொழில்நுட்பத்தையும் சேர்த்த ஒரு பாடக் குறியீடு (படிப்பை வகைப்படுத்தும் அரசு எண்) அப்பட்டியலில் இருக்கிறது. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு படிப்புகள் இரண்டு கல்லூரிகளில் வெவ்வேறு குறியீட்டில் பதிவாகியிருக்கலாம் என்பதால், குறியீட்டைக் கேட்டு எழுத்தில் வாங்குவது நல்லது.

கணக்கைப் பார்ப்பது கடினமான வேலையுமல்ல. இலாப நோக்கற்ற கல்லூரிகள் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்கு அளிக்கும் 990 என்ற படிவம் பொதுமக்கள் பார்வைக்கு உரியது. இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். தொடர்ந்து சில ஆண்டுகளின் படிவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வரவைவிடச் செலவு கூடிக்கொண்டே போகிறதா, கடன் ஏறுகிறதா என்பது தெரிந்துவிடும். மத்தியக் கல்வித் துறை தனியார் கல்லூரிகளின் நிதிநிலைக்கு மைனஸ் 1 முதல் 3 வரை ஒரு மதிப்பெண் தருகிறது, 1.5-க்குக் கீழே இருந்தால் கேள்வி கேட்கத் தொடங்க வேண்டும். அங்கீகாரம் வழங்கும் அமைப்பின் பக்கத்தில், கல்லூரிக்கு எச்சரிக்கையோ நன்னடத்தைக் கண்காணிப்போ விதிக்கப்பட்டிருக்கிறதா என்பது பதிவாகியிருக்கும். உங்கள் சங்கங்களில் கணக்காளர்களுக்குப் பஞ்சமில்லை. பங்குச் சந்தை அறிக்கையை உணவு இடைவேளையில் அலசுகிறவர்களுக்கு இது எம்மாத்திரம்? வளாகச் சுற்றுலாவில் முன்வரிசையில் நடக்கும் அப்பா ஒருவர், விடுதி உணவில் சைவம் உண்டா என்று கேட்ட அதே மூச்சில், இந்த ஆண்டு முதலாண்டுச் சேர்க்கை எத்தனை, போன ஆண்டு எத்தனை என்றும் கேட்கலாம். விடை சொல்லத் தயங்கும் கல்லூரியிடம் அந்தத் தயக்கமே ஒரு விடை.

தனியார் நடத்தும் தனிக் கல்லூரி மட்டுமே வழி என்றும் நான் வாதிடவில்லை. பாஸ்டனில் இருக்கும் மாஸ்ஆர்ட் 1873-ல் தொடங்கியது. அது அரசு நிதியில் நடக்கும் தனிக் கலைக் கல்லூரி, மாசசூசெட்ஸ்வாசிகளுக்குக் கட்டணம் தனியார் கல்லூரிகளைவிட மிகக் குறைவு. அந்த மாநிலத்தின் தமிழ்க் குடும்பங்களிலேயே பலர் இதை அறியாதிருப்பது வியப்பளிக்கிறது. கலையும் வேண்டும், பல்கலைக்கழகப் படிப்பும் வேண்டும் என்று நினைக்கும் வீடுகளுக்கு, பிரவுன் பல்கலைக்கழகமும் ரிஸ்டியும் சேர்ந்து நடத்தும் ஐந்தாண்டு இரட்டைப் பட்டம் இருக்கிறது. இடம் கிடைப்பது மிகக் கடினம். பாஸ்டன் அருங்காட்சியகப் பள்ளி 2016-ல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தன் தனித்தன்மையில் சிறிது இழந்திருக்கலாம், ஆனால் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் நிற்கிறது.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெயர்பெற்ற தனியார் கலைக் கல்லூரிகளில் பலவற்றின் அறிவிக்கப்பட்ட கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டிவிட்டது. உதவித்தொகை கழித்து உண்மையில் கட்டுவது குடும்பத்துக்குக் குடும்பம் பெரிதும் மாறும், முதல் கடிதத்தில் தரும் தொகையை எழுதிக் கேட்டு உயர்த்தவும் இயலும். முழுத் தொகையையும் தனியார் கடனாக வாங்கிப் படிக்கத் தகுந்த கலைக் கல்லூரி எதுவும் இந்நாட்டில் இல்லை என்பது, அங்கே படித்தும் கற்பித்தும் வரும் என் முடிவு. என் சக ஆசிரியர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள். அவர்களும் நானும் பகுதிநேர ஊதியத்தில் இருப்பவர்கள் என்பதையும், ஆண்டுக்கு ஆண்டு ஏறும் அந்தக் கட்டணம் எங்கள் கைக்கு வந்து சேர்வதில்லை என்பதையும் இங்கே குறிப்பிடுவது பொருத்தமாக இருக்கும்.

எனவே உங்களிடம் வேண்டுவது இவ்வளவுதான். வரும் ஆண்டின் வழிகாட்டல் நிகழ்ச்சியில் கலைக் கல்லூரிகளுக்கென்று ஒரு முழு அமர்வு ஒதுக்குங்கள். அதில் வழக்கமான வெற்றிக் கதைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், கலை படித்து இப்போது சாதாரணமாகச் சம்பாதித்து வாழும் நம்மவர் ஒருவரையும், ஒரு கணக்காளரையும், குடிவரவுச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். ஏற்கெனவே ஒரு கல்லூரி மூடப்பட்டு இடம் மாறிய பிள்ளைகள் இருந்தால், அவர்களையும் அழைத்துப் பேசச் சொல்லுங்கள். முடித்த பாடங்களுக்கான கிரெடிட் எத்தனை மாற்றப்பட்டது, எத்தனை வீணானது என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் வேறு யாருமில்லை. போர்ட்ஃபோலியோ பார்ப்பதற்கு ஒரு மேசையும் வேண்டும். செமஸ்டர் நடக்கும் மாதங்களில் சனிக்கிழமை பிற்பகல் என்றால், கார் ஓட்டி வரக்கூடிய தொலைவில் உள்ள எந்தச் சங்கத்துக்கும் நான் ஊதியமின்றி வரத் தயார். பிள்ளைகள் முடித்த படங்களை மட்டும் கொண்டுவராமல், கிறுக்கிப் பார்த்த நோட்டுப் புத்தகங்களையும் கட்டாயம் எடுத்துவரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
முதலாண்டு வரைதல் ஆசிரியை ஒருவர்